கட்டைவிரலை நினைக்காதே

எங்கள் ஊரில் ஒரு ரொட்டிக்குச்
சுடப்பட்டவள் என்று பொருள்படும் பேர்.
கோதுமை மாவைக் கையாலேயே தட்டிப் பரத்தி
கல்லில் வாட்டி
மசித்த பீன்ஸும் பாலேடும் வைத்து மடித்தால்
பலெயாதா.
சான் பெத்ரோ சூலா பஸ் நிலையத்தில்
பதினோரு வருஷம் அதைத்தான் விற்றேன்.
அதனால் ஆம்புலன்ஸ் பையன்
என் தொழிலைக் கேட்டு எழுதும்போது
உதட்டைக் கடித்துக்கொண்டது தெரிந்தது.
திட்டவில்லை.
எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு வாந்தி.

குண்டு டிரைவருக்கு வந்தது.
மாமூலை முதலாளி கட்டவில்லையாம்.
நான் ஜன்னல் வழியே அவனுக்குச் சில்லறை நீட்டிக்கொண்டிருந்தேன்.

இளைய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்
கையை விட்டுவிடலாம் என்றார்.
டாக்டர் இரியாஸ் இரண்டு ராத்திரி தூங்காதவள்,
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
நெடுநேரம் பார்த்து
ஒரு கை பார்க்கலாம் என்றாள்.

நான்கு முறை கழுவினார்கள்.
செத்ததை வெட்டி, காத்திருந்து,
மறுபடி செத்ததை வெட்டி.
இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து
விரலெலும்பு இருந்த வெற்றிடத்தில் வைத்துக்
கம்பி இரண்டு செருகினார்கள்.
மூடத் தோல் இல்லை.
அதனால் கையை
அடிவயிற்றோடு வைத்துத் தைத்துவிட்டார்கள்.

மூன்று வாரம்.
எந்நேரமும் பாவாடையில் காசு தேடுகிறவள் மாதிரி.
தும்மக் கூடாது. புரளக் கூடாது.
எதிர்க் கட்டில் எரிபெர்த்தா
இன்னும் கல்லாவை விடவில்லையா நொல்வியா என்பாள்.
என் மகன் யெரால் ஒன்பது வயசு,
போர்வையைத் தூக்கிப் பார்த்தான்.
நான் இருந்த இடத்துக்கா போயிருக்கு?
அங்கேதான்.
எப்ப வரும்?
உன்னைவிடச் சீக்கிரம்.

வந்தது.
புறங்கையில் ஒரு தலையணை போல வயிற்றுத் தோல்,
அதில் அவனைச் சுமந்தபோது விழுந்த
வெள்ளி வரிகள் மூன்று.
நீ பெருத்தால் இதுவும் பெருக்கும்,
பார்த்துச் சாப்பிடு என்றாள் டாக்டர்.

கட்டைவிரலைத் தூக்கும் நரம்பு அறுந்து போயிருந்தது.
சுட்டுவிரலுக்கு இரண்டு உண்டாம்,
ஒன்றை இழுத்து இங்கே கட்டினார்கள்.
பயிற்சி தருகிற மார்லெனிஸ் சொன்னாள்:
கட்டைவிரலை நினைக்காதே.
சுட்டுவிரலை நீட்டுவதாக நினை.
நினைத்தேன்.
ஒருத்தி பேரைச் சொல்லிக் கூப்பிட
பக்கத்து வீட்டுக்காரி எழுந்து வருவதுபோல
மெல்லத் தூக்கியது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பையன்.
பதினேழு இருக்கும்.
முழங்கைக்குக் கீழே சதைக்கு வெளியே இரும்புச் சட்டம்.
நல்ல கை நாற்காலியோடு விலங்கில்.
போலீஸ்காரர் போனில் கால்பந்து பார்த்தார்.
நல்லதுதான், கெட்ட கை இனி ஏய்க்க முடியாது
என்றாள் மார்லெனிஸ்.
பலகையில் ஒன்பது துளை. ஒன்பது குச்சி.
நான்காவது நழுவி என் காலடிக்கு உருண்டது.
குனிந்து
என் கெட்ட கையால்தான் எடுத்தேன்.
ரொம்ப நேரம் ஆனது.
அவன் அவசரப்படுத்தவில்லை.
எந்த பஸ், என்றான்.
சொன்னேன்.
அதன் பிறகு
ஐந்தாவது துளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் கல்லைப் பற்றவைத்தாயிற்று.
வயிற்றுத் தோலுக்குச் சூடு தெரியாது.
வாசனை வந்த பிறகுதான்
தீய்வது ரொட்டி இல்லை என்று தெரியும்.
வட்டம் இன்னும் வரவில்லை,
ஏதோ நாட்டின் வரைபடம் போல வருகிறது.
விலையை ஏற்றவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

புதன்கிழமை மூன்று கட்டிக்கொண்டு போனேன்.
ஒன்று மார்லெனிஸுக்கு.
ஒன்றைப் போலீஸ்காரர் பந்திலிருந்து கண்ணெடுக்காமல் தின்றார்.
விலங்கைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
பையன் சட்டம் மாட்டிய கையால் பிடித்தான்,
பீன்ஸ் மடியில் கொட்டியது,
மீதியை விடாமல் வாய்க்குக் கொண்டுபோனான்.
இதற்கு என்ன பேர் தெரியுமா என்று
நான் கேட்கவில்லை.
எங்கள் ஊர்ப் பையன்தான்.